கொலு பொம்மைக்குப் புது முகம்: மலிவு அக்ரிலிக் பெயின்டில் மினியேச்சர்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பெயின்ட் அடிப்பதைப் பற்றி என்ன கட்டுரை என்று நினைக்கிறீர்களா? த்ரீ-டி பிரிண்டர் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். பிளெண்டரில் மாடல் செய்வது எப்படி, ஸ்லைசரில் என்ன செட்டிங் வைப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் முடிந்து உங்கள் கையில் வந்து சேர்வது சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உருவம். அதற்குப் பிறகு என்ன செய்வது? அங்கேதான் பலர் நின்று விடுகிறார்கள். நானும் நின்றேன்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம். காய்கறி மார்க்கெட்டுக்குப் பெயர் போன ஊர். இங்கிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குக் காய்கறி போகிறது. அப்பா அந்த மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் கடை செட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணக்குப்பிள்ளை பொம்மை இருக்கும். நான்கு அங்குல உயரம், களிமண், மடியில் நோட்டு, காதில் பேனா. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் அப்பாவே வாங்கி வந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா அந்தப் பொம்மையை "இவரு" என்றுதான் சொல்வார்.

பரணில் இருந்து பெட்டியை இறக்கும்போது அதைக் கீழே போட்டவன் நான். உடம்பு இரண்டு துண்டு. தலை நொறுங்கிப் பொடியாகி விட்டது. நவராத்திரிக்கு இருபது நாள் இருந்தது.

உடம்பை ஒட்டி, மொட்டை மாடியில் வெயில் இல்லாத நேரத்தில் வைத்து, சுற்றிச் சுற்றி எழுபது போட்டோ எடுத்தேன். மெஷ்ரூம் என்ற இலவச சாப்ட்வேர் அந்தப் போட்டோக்களைச் சேர்த்து த்ரீ-டி உருவமாக மாற்றித் தரும். (முழு வேகத்தில் ஓட என்விடியா கிராபிக்ஸ் கார்டு தேவை.) தலைக்குச் செட்டியார் பொம்மையின் தலையை இதே போல ஸ்கேன் செய்து, பிளெண்டரில் கன்னத்தை ஒட்ட வைத்து, மீசையைச் சிறிதாக்கிப் பொருத்தினேன். முகம் நுணுக்கமாக வர வேண்டும் என்பதால் கோவையில் ஒரு இடத்தில் ரெசின் பிரிண்ட் எடுத்தேன். கூடவே வைக்க வெங்காய மூட்டை, தக்காளிக் கூடை, விருப்பாச்சி மலை வாழைத் தார் ஆகியவற்றைத் திண்டுக்கல் நண்பரின் சாதாரணப் பிரிண்டரில் போட்டுக் கொண்டேன். இந்தப் பகுதியை இன்னொரு சமயம் விரிவாகப் பார்க்கலாம். நமக்கு இப்போது பெயின்ட்தான் முக்கியம்.

எந்தப் பெயின்ட்?

வெளிநாட்டில் மினியேச்சர் பெயின்டிங் ஒரு பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வார்ஹாமர் விளையாட்டுக்கான சிறு படைவீரர் உருவங்களை விற்கிறது. அவற்றுக்கென்றே சிட்டடெல் என்ற பெயரில் பெயின்டும் விற்கிறது. ஸ்பெயினின் வல்லெஜோவும் இதில் பிரபலம். இரண்டையும் இங்கே வரவழைக்கலாம். ஆனால் பத்து நிறம் வாங்கினால் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கும் பணம் போய்விடும்.

நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் ஃபெவிக்ரில், கேமல் பெயர்களில் சின்னச் சின்னப் பாட்டில்களில் கிடைப்பதும் அக்ரிலிக் பெயின்ட்தான். சேலையில் பூ வரைய, பானையில் பெயின்ட் அடிக்க வாங்குவார்களே, அதே பாட்டில். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. அவற்றோடு நிறமித் தூள் கலந்திருக்கிறது. தண்ணீர் ஆவியானதும் துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மெல்லிய படலமாகின்றன. 1950-களில் அமெரிக்காவில் ஓவியர்களுக்காக வந்த நுட்பம் இது.

பிறகு ஏன் விலை வித்தியாசம்? மலிவுப் பெயின்டில் நிறமி குறைவு, விலை குறைந்த நிரப்புத் தூள் அதிகம். மாடல் பெயின்டில் நிறமியை மிக நைசாக அரைத்து அதிக அளவில் சேர்த்திருப்பார்கள். அதனால் மெல்லிய ஒரே பூச்சில் மூடும். நம் பாட்டிலில் உள்ளது அப்படி மூடாது. மூடவில்லையே என்று கெட்டியாகப் பூசினால் மூக்கும் உதடும் புதைந்து போகும்.

நான் செய்த முதல் தவறு அதுதான். பாட்டிலில் இருந்து நேராகத் தொட்டுப் பூசினேன். பிரஷ் போன கோடெல்லாம் தெரிந்தது. இரண்டாவது முறை தண்ணீர் நிறைய ஊற்றினேன். பெயின்ட் பிளாஸ்டிக் மேல் நிற்காமல் முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. அதிலும் 'ஸ்கின்' என்று எழுதியிருந்த பாட்டிலை நம்பி முகத்துக்கு அடித்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, இவரு எப்படா வெள்ளைக்காரரானாரு?"

பிரைமர் இல்லாமல் தொடாதீர்கள்

களிமண் பொம்மை செய்பவர்கள் முதலில் முழுப் பொம்மைக்கும் வெள்ளை அடித்து விட்டுத்தான் நிறம் பூசுவார்கள். நம் பிளாஸ்டிக் பொம்மைக்கு அந்த வெள்ளை இன்னும் அவசியம். பிளாஸ்டிக் வழவழப்பானது, பெயின்ட் பிடிக்க அதில் பிடிமானம் இல்லை. கார் பெயின்ட் கடைகளில் ஸ்ப்ரே டப்பாவில் கிடைக்கும் பிரைமர் போதும், வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். ஒரு அடி தூரத்தில் இருந்து, நிறுத்தாமல் கையை நகர்த்திக் கொண்டே இரண்டு மெல்லிய பூச்சு. மழை ஈரம் உள்ள நாளில் அடித்தால் மேல்பரப்பு வெளுத்து, மாவு படிந்தது போலாகி விடும். நவராத்திரி சமயம் மழைக்காலம் என்பதால் இதைக் கவனியுங்கள். மூக்கை மூடிக் கொண்டு வெளியில்தான் அடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன், ரெசின் பிரிண்ட் என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா வெளிச்சத்தில் இறுக வைத்ததா என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் வெறும் கையால் தொடவே கூடாது. சாதாரண பி.எல்.ஏ. பிரிண்டில் வரி வரியாகத் தெரியும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். உலர்வாக வேகமாகத் தேய்த்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி விடும். பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகும். என் வெங்காய மூட்டைகளை நான் தேய்க்கவே இல்லை. அந்த வரிகள் சாக்கு நெசவு போலவே இருந்தன!

தண்ணீர் மட்டும் போதாது

மலிவுப் பெயின்டை வேலை செய்ய வைக்கும் ரகசியம் 'மீடியம்' என்ற பாட்டிலில் இருக்கிறது. மீடியம் என்பது நிறமி இல்லாத பெயின்ட் என்று வைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் சேர்த்தால் பிளாஸ்டிக் துளிகள் விலகி விலகிப் போய், காய்ந்த பிறகு உறுதியான படலம் உருவாகாது. விரலால் தேய்த்தாலே வந்து விடும். மீடியம் சேர்த்தால் பெயின்ட் மெல்லியதாகும், ஆனால் ஒட்டும் சக்தி குறையாது. அக்ரிலிக் மேட் மீடியம் கேட்டு வாங்குங்கள். என் கணக்கு: பெயின்ட் இரண்டு பங்கு, மீடியம் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பால் பதத்தில் இருக்க வேண்டும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும். பயப்படாதீர்கள். நன்றாகக் காய விட்டு இரண்டாவது, மூன்றாவது பூச்சு கொடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ்ஷை வைத்தால் அடிப் பெயின்ட் பெயர்ந்து வரும்.

இன்னொரு தொல்லை காற்று. பழனி மலை அடிவாரத்தில் காற்றடிக்கும் நாளில் தட்டில் விட்ட பெயின்ட் ஐந்து நிமிடத்தில் தோலாகி விடுகிறது. மூடி உள்ள பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் ஈரமான ஸ்பாஞ்சை வைத்து, அதன் மேல் பேக்கிங் செய்யப் பயன்படும் பட்டர் பேப்பரைப் பரப்பி, அதில் பெயின்டைக் கலக்குங்கள். ஈரம் கீழிருந்து கசிந்து வரும். மூடி வைத்தால் மறுநாளும் பயன்படும். மெழுகு பூசிய தாள் மட்டும் வேண்டாம், அதில் ஈரம் ஏறாது.

மஞ்சளும் சிவப்பும் மலிவுப் பெயின்டில் மிகவும் பலவீனமானவை. வாழைத் தாருக்கு ஐந்து முறை மஞ்சள் அடித்தும் உள்ளே வெள்ளை தெரிந்தது. அடியில் யெல்லோ ஆக்கர் ஒரு பூச்சு கொடுத்து, மேலே மஞ்சள் அடித்தேன், இரண்டே பூச்சில் முடிந்தது. தக்காளிக்கு அடியில் செங்காவி.

முகத்தின் நிறம்

'ஸ்கின்' பாட்டிலை மறந்து விடுங்கள். பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் அம்பர் மூன்றும் போதும், நம் ஊரில் உள்ள அத்தனை பேர் நிறமும் வரும். வெளிச்சம் படும் நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு ஆகியவற்றுக்கு அதே கலவையில் ஆக்கரைக் கூட்டுங்கள். வெள்ளையைக் கூட்டினால் முகத்தில் திருநீறு பூசியது போல் வெளிறும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அம்பரோடு அல்ட்ராமரைன் நீலம் சிறிது சேர்த்தால் உயிருள்ள நிழல் வரும்.

கண் குழி, மீசை ஓரம், சட்டை மடிப்பு இவற்றுக்கு 'வாஷ்' என்ற எளிய வழி இருக்கிறது. பழுப்புப் பெயின்ட் ஒரு துளி, மீடியமும் தண்ணீரும் சேர்த்து எட்டுத் துளி. டீ டிகாக்‌ஷன் போல இருக்கும். பூசினால் தானாகவே பள்ளங்களில் போய்த் தங்கும். மேட்டில் தங்கியதைச் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் எடுத்து விடுங்கள். வழிந்தோடாமல் திரண்டு நின்றால் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் குச்சியின் நுனியால் தொட்டு அந்தக் கலவையில் கலக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம், நுரைத்துக் கொள்ளும்.

சிலை செய்யும் ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். மினியேச்சர் பெயின்ட் செய்யும் பலர் நேர்மாறாகக் கண்ணை முதலில் முடிக்கிறார்கள். வெளியே வழிந்த வெள்ளையையும் கறுப்பையும் பிறகு தோல் நிறத்தால் மூடிக் கொள்ளலாம் என்பதுதான் காரணம். நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதிய மெல்லிய பிரஷ் தேவையில்லை. அதில் பெயின்ட் கண்ணுக்குப் போகும் முன்பே காய்ந்து விடும். கூர் கலையாத ஒன்றாம் நம்பர் பிரஷ் போதும். மேலும், கண்ணின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளை அடித்தால் பொம்மை மிரண்டு பார்ப்பது போல் இருக்கும். துளி பழுப்பு சேருங்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு ஒத்திகை

முதல் தோல்விக்குப் பிறகு நான் செய்தது இது. பிரைமர் அடித்த பொம்மையைப் போட்டோ எடுத்து ஜிம்ப் சாப்ட்வேரில் திறந்தேன். புது லேயர் ஒன்றைச் சேர்த்து அதன் மோடை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். அந்த லேயரில் பிரஷ்ஷால் நிறம் அடித்தால் போட்டோவில் உள்ள நிழல் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் ஏறும். சட்டைக்கு வெள்ளையா, இளநீலமா என்று பத்து விதம் பார்த்து விடலாம். பெயின்ட் ஒரு துளி செலவில்லை.

அடித்து முடித்த பிறகும் ஒரு போட்டோ எடுத்து, கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். முகமும் துண்டும் ஒரே சாம்பலாகத் தெரிகிறதா? அப்படியானால் கொலுப்படியில் ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கும் இரண்டும் ஒட்டித்தான் தெரியும். கழுத்து, கை ஓரங்களில் அடர்பழுப்பில் மெல்லிய கோடு கொடுத்து நான் அதைச் சரி செய்தேன்.

எடுத்து வைக்கும்போது

இதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. துணி மடங்கும்போது வெடிக்கக் கூடாது என்பதற்காகத் துணிப் பெயின்டில் உள்ள அக்ரிலிக்கை மென்மையாகச் செய்திருப்பார்கள். அது காய்ந்த பிறகும் லேசான ரப்பர் தன்மையோடு இருக்கும். பரண் வெயிலில் சூடானால் இளகிப் பக்கத்தில் உள்ளதோடு ஒட்டிக் கொள்ளும். என்னுடைய சோதனைத் தக்காளிக் கூடை ஒன்று ஒரு மே மாதம் முழுக்க நியூஸ் பேப்பரில் சுற்றிக் கிடந்தது. பிரித்தபோது தக்காளிகள் மேல் தலைப்புச் செய்தி அச்சாகி இருந்தது. எனவே ஒரு வாரம் நன்றாகக் காய விட்டு, மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். சுற்றுவதற்குப் பழைய வேட்டித் துணியோ பட்டர் பேப்பரோ நல்லது. வண்டிக்குள்ளோ தகர ஷெட்டிலோ வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை நவராத்திரிக்கு முந்தின நாள் தயாரானார். அம்மா கையில் வாங்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிறம் சரியா இருக்கு. மீசைதான் செட்டியாரோடது, இவருக்கு இன்னும் மெலிசா இருக்கும்" என்றார். பிளெண்டர் பைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. மீசையைத் திருத்தி அடுத்த பிரிண்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.