பாம்பைத் தேடிப் போகும் மக்கள்!

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பார்கள். ஆனால் பாம்பைக் கண்டு ஓடாமல், பாம்பைத் தேடி ஓடுகிற மக்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள்தான் இருளர்கள்.

விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களில் ஏரிக்கரை ஓரமாகவும் ஊருக்கு வெளியேயும் இவர்களுடைய குடிசைகளைக் காணலாம். வயலில் எலித் தொல்லை என்றால் விவசாயிகள் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். வரப்பில் உள்ள வளையைப் பார்ப்பார்கள். உள்ளே எலி இருக்கிறதா, எலியைத் தின்னப் பாம்பு புகுந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்!

எப்படித் தெரிகிறது?

மந்திரம் இல்லை, மகுடியும் இல்லை. கண்தான் கருவி. புழுதியில் பாம்பு ஊர்ந்த தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம் ஆகியவைதான் அடையாளம். நாம் பத்திரிகை படிப்பது போல அவர்கள் தரையைப் படிக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் வளையைத் தோண்டும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளை பார்த்தே கற்றுக்கொள்கிறது.

கொன்ற கை காத்தது

ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்கு வெளிநாடுகளில் நல்ல கிராக்கி. இருளர்கள் பாம்பைக் கொன்று, தோலை வியாபாரிகளிடம் விற்றுப் பிழைத்தார்கள். 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோல் வியாபாரம் நின்றது. பிழைப்பும் போயிற்று.

அப்போது கைகொடுத்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த பாம்பு நிபுணர் அவர். "பாம்பைக் கொல்ல வேண்டாம், விஷத்தை எடுத்துவிட்டு உயிரோடு விட்டுவிடலாம்" என்பது அவர் கண்ட வழி. 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் அது இருக்கிறது.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அங்கே முக்கியம். பாம்பை மண்பானையில் சில வாரம் வைத்திருப்பார்கள். வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு அதன் வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளம் இட்டு, வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

குதிரை தரும் மருந்து

அந்த விஷம் மருந்து தயாரிக்கும் இடங்களுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் ஏற்றுகிறார்கள். குதிரை சாவதில்லை. அதன் இரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்துச் செய்வதுதான் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி!

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஊசி கிடைத்துப் பிழைத்தவர்கள் பலரும் இருளர்களின் கைத்திறனால் பிழைத்தவர்களே.

கடல் கடந்த புகழ்

2017ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே மலைப்பாம்புகள் பெருகி, மற்ற பிராணிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. அவற்றில் ஒன்று 16 அடி நீளம்! 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மாசி மகமும் கன்னியம்மனும்

இருளர்களின் குலதெய்வம் கன்னியம்மன். மாசி மகத்தன்று பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள். சேலைகளையும் துணிகளையும் கட்டிக் குடிசை போட்டுத் தங்குவார்கள். பொழுது விடியும்போது, கடலோரத்தில் மணலிலே படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பதும், கல்யாணம் செய்வதும் அந்த மணலில்தான்.

தீராத குறை

இத்தனை பெருமை இருந்தும், பலருடைய வாழ்வு செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும்தான் கழிகிறது. சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பு தடைப்படும் பிள்ளைகள் உண்டு. இவர்களுக்காகத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கண்டு பாடுபட்டார்.

கடித்தால் என்ன செய்வது?

கடிவாயைக் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒரு நிமிஷமும் வீணாக்க வேண்டாம்.

அங்கே ஊசி போடுவார் டாக்டர். அந்த ஊசிக்குப் பின்னால், எங்கோ ஒரு வரப்பில் குனிந்து, வளைக்குள் கைவிட்ட ஓர் இருளரும் இருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளை பிழைக்க வழி செய்பவரின் பிள்ளை பள்ளிக்கூடம் போக நாம் வழி செய்ய வேண்டாமா?