கொண்டையம்மாவுக்குக் கழுத்துச் சுளுக்கு!

கோழி வளர்க்கிறவர்கள் இரண்டு ரகம். ஒன்று, முட்டைக்காக. இன்னொன்று, குழம்புக்காக. நான் மூன்றாவது ரகம். மழையில் நனைந்த கோழியைத் தூக்கி வந்து துண்டால் தலை துவட்டி விடுகிறவன்! சிரிக்காதீர்கள். நான் வளர்ப்பது சில்க்கி. துவட்டாமல் விட்டால் குளிரில் விறைத்துப் போய்விடும்.

சில்க்கியை நீங்கள் பார்த்ததில்லையா? ஆறு மாசமாக சலூன் பக்கமே போகாத ஒரு கோழியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மற்ற கோழிகளின் இறகில், இழைகளை ஒன்றோடொன்று கோத்துப் பிடிக்கும் நுண்ணிய கொக்கிகள் உண்டு. சில்க்கிக்கு அவை சரியாக அமைவதில்லை. அதனால் இறகு முயல் முடி மாதிரி மெத்துமெத்தென்று இருக்கும். பறக்க வராது. மழைத்தண்ணீர் வழிந்து ஓடாது, அப்படியே ஊறிவிடும். மேலே வெள்ளைவெளேர், முடியை விலக்கினால் தோல் கறுப்பு, எலும்பும் கறுப்பு. நம்ம மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத் மாதிரி. பெரும்பாலான கோழிகளுக்குக் காலுக்கு நாலு விரல். இதற்கு அஞ்சு!

பூர்வீகம் சீனா பக்கம் என்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அங்கே போன மார்க்கோ போலோ, பூனை முடி போர்த்திய கோழிகளைப் பற்றி எழுதிவிட்டுப் போனார். அவர் ஊரில் எத்தனை பேர் நம்பினார்களோ! திருச்சியில் எங்கள் தெருவில் நான் இதைக் கொண்டுவந்து இறக்கியபோது பால்காரர் கேட்டது: "என்ன சார், பொமரேனியன் குட்டியா?"

குணத்தில் தங்கம். பேத்தி மடியில் போட்டுக்கொண்டு டி.வி. பார்ப்பாள், அதுவும் பார்க்கும். முட்டை வருஷத்துக்கு நூறு, நூற்றிருபது தேறினால் பெரிசு. ஆனால் அடைகாக்கிற ஆசை இருக்கிறதே... காடை முட்டையோ, வாத்து முட்டையோ, எதை வைத்தாலும் 'எல்லாம் நம்ம பிள்ளைதான்' என்று உட்கார்ந்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் கூழாங்கல் மேல் உட்காரும்.

இவ்வளவு நல்ல பறவையிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். உடம்புக்கு வந்தால் வாயே திறக்காது.

கோழி இனத்துக்கே அந்த வீறாப்பு உண்டு. சோர்ந்து நின்றால் கூட இருக்கிறதே கொத்தும், பருந்தும் பார்த்துவிடும். அதனால் கடைசி நிமிஷம் வரை 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று நடிக்கும். சில்க்கியிடம் இன்னொரு சங்கடம்: உடம்பு பாதியாக இளைத்தாலும் அந்தப் பஞ்சு முடி காட்டிக்கொடுக்காது. கையால் தடவிப் பார்த்தால்தான் நெஞ்செலும்பு கத்தி மாதிரி தட்டுப்படும்.

ஆகவே தினமும் காலையில் என் வீட்டுக் கொல்லையில் 'அட்டெண்டன்ஸ்' உண்டு. தீனி போட்டதும் ஓடி வராதது யார்? எச்சம் எப்படி இருக்கிறது? ராத்திரி அடையும்போது நிறைந்திருந்த தீனிப்பை காலையில் வடிந்திருக்கிறதா? அஞ்சு நிமிஷ வேலை.

போன ஐப்பசியில் ஒருநாள் அட்டெண்டன்ஸில் கொண்டையம்மா வரவில்லை. எட்டு கோழிகளில் மூத்தவள் அவள். மூலையில், தலையைத் திருகி முதுகுக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள்!

விஷயம் தெருவுக்குப் பரவ பத்து நிமிஷம் ஆகவில்லை. "ராணிக்கெட் சார்! எட்டும் போயிடும். இன்னிக்கே எல்லாத்தையும் குழம்பு வச்சிடுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். ராணிக்கெட்டா, இவருக்குக் குழம்பு ஆசையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. காரணம், கிராமத்தில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் அந்த நோய் ஒரு தெருவையே காலி பண்ணக்கூடியது. இமயமலைப் பக்கத்து ராணிக்கெட் ஊரின் பேரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். பிழைக்கிற ஒன்றிரண்டுக்குக் கழுத்து இப்படித்தான் திருகிக்கொள்ளும். தடுப்பூசி உண்டே தவிர, வந்தபின் மருந்து கிடையாது.

கொண்டையம்மாவைக் கூடையில் வைத்துத் துணி போர்த்தி கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு ஜெர்சி பசு, இரண்டு ஆடு, கோபமாக ஒரு நாய். டாக்டர் அம்மா சாவகாசமாக ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பச்சையா, வெள்ளையாக் கழியுதா?"

"இல்லம்மா."

"மூச்சு வாங்குதா? வாயைத் திறந்து திறந்து மூடுதா?"

"இல்ல."

"வேற எதுக்காவது சோர்வு? தடுப்பூசி போட்டீங்களா?"

"மத்த ஏழும் ஜோரா இருக்கும்மா. முதல் வாரம் சொட்டு, நாலாவது வாரம் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி, எல்லாம் போட்டாச்சு."

டாக்டர் கொண்டையை விரலால் விலக்கினார். அடியில் சின்னதாக ஒரு காயம், காய்ந்த ரத்தம். "பாருங்க, எதுவோ கொத்தியிருக்கு." சில்க்கிகளில் பலவற்றுக்கு உச்சி மண்டை ஓடு முழுசாக மூடுவதில்லையாம், கொண்டைக்கு அடியில் குழந்தையின் உச்சிக்குழி மாதிரி மெத்தென்று இருக்குமாம். அந்த இடத்தில் ஒரு கொத்து விழுந்தாலே மூளை வீங்கிக் கழுத்து திரும்பிவிடுமாம். முந்தின நாள் மதில் தாண்டிக் குதித்த நாட்டுச் சேவல் ஒன்று ஞாபகம் வந்தது. படவா!

"அடிபட்டதுதான்னு தோணுது. ஆனா ஒரு வாரம் தனியா வச்சுப் பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்வேன்" என்று, வீக்கத்துக்கு ஊசியும், வைட்டமின் ஈ-யும், பி காம்ப்ளெக்ஸும் எழுதிக்கொடுத்தார். "மருந்து கால்வாசிதான் சார். முக்கால்வாசி உங்க கையிலதான்."

அந்த முக்கால்வாசி என்ன என்று அடுத்த மூன்று வாரத்தில் தெரிந்தது. ஹாலில் ஓர் அட்டைப்பெட்டி. அடியில் பழைய புடவை. கழுத்து சாயாமல் இருக்கத் துண்டைச் சுருட்டி வளையமாக ஓர் அணைப்பு. ஒரு ஓரத்தில் மட்டும் நாற்பது வாட் பல்பு. சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள மறு ஓரம். சத்தம் ஆகாது, திடுக்கிட்டால் கழுத்து இன்னும் முறுக்கும். (எங்கள் வீட்டில் மெகா சீரியல் மூன்று வாரம் ஊமைப் படமாக ஓடியது.) இரண்டு மணிக்கு ஒருதரம் தலையைக் கையால் நேராகத் தாங்கிக்கொண்டு, குழைத்த தீனியை ஊட்ட வேண்டும். தண்ணீரை வாய்க்குள் பீய்ச்சவே கூடாது. மூச்சுக்குழாயில் போனால் கதை முடிந்தது. அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டால் தானே விழுங்கும்.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை. வந்தபோது 900 கிராம். ஆறாவது நாள் 760. அன்றைக்கு எனக்கே மனசு விட்டுப்போயிற்று. "கஷ்டப்படுத்தாம விட்டுடலாமா?" என்றேன். 'இந்த வீட்டில் கோழி நுழைந்தால் நான் வெளியே' என்று ஒரு காலத்தில் சபதம் போட்ட என் மனைவி, "விழுங்குதா இல்லையா? விழுங்குற வரைக்கும் அது விடலை. நீங்க ஏன் விடறீங்க?" என்று ராத்திரி இரண்டு மணி ஷிஃப்டையும் தானே எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் ஒரு வாரக் கெடு முடிந்தது. மற்ற ஏழுக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ராணிக்கெட் இல்லை! பதினோராவது நாள் 790 கிராம். இருபத்துமூன்றாம் நாள் கொண்டையம்மா தானே குனிந்து கிண்ணத்தில் தண்ணீர் குடித்தாள். பேத்தி கை தட்டப் போய், பாட்டியிடம் திட்டு வாங்கினாள். இன்றைக்கும் யாராவது பட்டாசு வெடித்தால் தலை லேசாகச் சாயும். மற்றபடி தை மாசம் ஏழு வாத்து முட்டைகளை அடைகாத்து, அஞ்சு குஞ்சு பொரித்தாள்.

எல்லாமே பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். இதற்கு முந்தின வருஷம் ஓர் இளங்குஞ்சு, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்தது. மாரெக்ஸ் என்ற வாத நோய். சில்க்கிகளுக்கு அது சீக்கிரம் தொற்றும். வந்தபின் வைத்தியமே இல்லை. பொரித்த அன்றே போடும் தடுப்பூசி ஒன்றுதான் வழி. வாங்கும்போதே அதைப் போட்டாயிற்றா என்று கேட்டுவிடுங்கள்.

ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னும் நாலு வார்த்தை. தரையில் உமி பரப்பி ஈரமில்லாமல் வையுங்கள். ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் வரும். கண்ணை மறைக்கும் முடியைக் கத்தரித்து விடுங்கள். மேலே வருகிற காக்காயும் பருந்தும் அதற்குத் தெரியாது, எனவே கூரைக்கு வலை அவசியம். நாட்டுக்கோழிகளோடு சேர்க்காதீர்கள். புதுக் கோழி வந்தால் முப்பது நாள் தனி வாசம். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள்.

முக்கியமாக, ஜோடி வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் பறவை பார்க்கிற டாக்டர் எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்க வீட்டில் ஆள் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு பதில் 'இல்லை' என்றால், பொம்மைக் கோழி வாங்கி ஷோகேஸில் வைத்துக்கொள்வது உத்தமம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்!