மீனும் நகமும்: எது உண்மை, எது ஆபத்து?

கடலும் களப்பும் சூழ்ந்த கிண்ணியாப் பக்கத்தில், குறிஞ்சாக்கேணி வீடுகளில், மீன் ஆணம் இல்லாத சோறு குறைவு. மீன் தின்றால் நகம் பலக்கும் என்று சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை.

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. மீனில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் பி12 உயிர்ச்சத்தும் உண்டு. இவை உடம்பில் குறைந்திருந்தால் மீன் உதவும். குறையில்லாதவர் கூடுதலாகத் தின்பதால் நகம் இரும்பாகிவிடாது. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான் வளரும். முழுதாகப் புதுப்பிக்க ஆறு மாதமாவது வேண்டும்.

நகத்தைப் பாருங்கள்

வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் சிறு அடியின் தடம். கல்சியக் குறைவு அல்ல. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கும் அளவுக்கு நகம் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் உடம்பு இரும்பை உறிஞ்சுவது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். தேசிக்காய்ப் புளி உறிஞ்சலைக் கூட்டும். ஒரே நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றினால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எந்த மீன்?

நெத்தலி, கீரி, சூடை போன்ற சின்ன மீன்களில் பாதரசம் குறைவு. சுறா, தளபத்து போன்ற பெரிய வேட்டை மீன்களில் அது சேர்ந்திருக்கும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்கு, ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியே மனிதருக்குள் போனதே காரணம். பாதரசம் தாக்குவது நரம்பை. நகத்தைப் பார்த்து அறிய முடியாது. கர்ப்பிணிகள் பெரிய மீன்களைத் தவிர்ப்பது நல்லது.

மீன் அறுக்கும் கைகளுக்கு

நகத்துக்கு மீன் செய்யும் கெடுதல் பெரும்பாலும் தின்பதால் அல்ல, அறுப்பதால் வருவது. நாள்முழுக்க ஈரத்தில் ஊறிய விரலில் முள் குத்தினால் நகச்சுற்று வரும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரத்தால் கழுவித் துடையுங்கள். சீழ் கட்டினாலோ, வீக்கம் மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீரிழிவு இருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். ஏற்புத் தடுப்பூசி போட்டது எப்போது என்றும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உங்கள் உரிமை

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்புக் குளிசையும் இலவசம். பழுதான மீனை விற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நகத்துக்கென்று விலைகூடிய குளிசை வாங்குமுன் இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.