கற்கோட்டையும் சொற்கோட்டையும்

பழைய நகரொன்றைக் காணச் செல்வோர் கைப்பொருளை எண்ணிக்கொண்டு செல்லுதல் நன்று. பொருள் மிகுந்தால் வாகனம் ஓடும். பொருள் குறைந்தால் கால் நடக்கும். கால் நடந்த இடத்தையே கண் செவ்வையாகக் காண்கின்றது. சென்ற ஆண்டு சான் ஹுவான் நகரிலே மூன்று நாள் தங்கியபோது யான் அறிந்துகொண்டது இது.

சான் ஹுவான், கரிபியன் தீவுகளுள் ஒன்றாகிய புவேர்ட்டோ றிக்கோவின் தலைநகர். 1521ஆம் ஆண்டளவில் ஸ்பானியர் அதனை இன்றுள்ள இடத்தில் நிலைபெறச் செய்தனர். 1898 வரை அவர்கள் ஆண்டனர். அன்று தொட்டு அது ஐக்கிய அமெரிக்காவின் கீழுள்ளது.

என் தமக்கையாரின் மகன் நியூயோர்க்கிலே தொழில் புரிகின்றான். அவன், அவன் மனைவி, ஒன்பது வயது மகன், ஆறு வயது மகள் ஆகியோருடன் யானும் ஐந்தாமவனாகச் சேர்ந்துகொண்டேன். செலவைச் சுருக்குவதே பயணத்தின் முதல் விதி. ஆளுக்கொரு கைப்பை, அதற்குமேல் பொதி இல்லை. விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தீவு அமெரிக்க ஆட்சிக்குட்பட்டதாகலின், அமெரிக்க விசாப் பெற்றுச் சென்றிருந்த எனக்கு வேறு விசா வேண்டியிருக்கவில்லை.

விமானத்திலே மருமகன் மெல்லப் பேச்செடுத்தான். "மாமா, பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிடலாமோ என்று யோசிக்கிறோம். பள்ளிக்கூட வேலையே போதுமானது. வீட்டுக்கொரு மொழி, வெளிக்கொரு மொழி என்றால் பிள்ளைகளுக்குச் சுமைதானே?"

முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் யான். நாவிலே மறுமொழி பல எழுந்தன. ஆயினும், விடுமுறைக்கென அழைத்துச் செல்பவனோடு வழக்காடுதல் முறையன்று என வாளாவிருந்தேன். மறுமொழி அந்நகரிடமிருந்தே வருமென்று அப்பொழுது யான் எண்ணவில்லை.

பழைய நகருக்குள் விடுதி வாடகை மிகுதி. ஆதலின், அயலிலுள்ள சாந்தூர்சே என்னும் பகுதியிலே அறை எடுத்து, நாள்தோறும் பஸ்ஸிற் சென்று வந்தோம். பழைய நகர் சிறியது. நடந்தே முழுவதையும் பார்த்துவிடலாம். வீதிகளிலே நீலம் பாய்ந்த கற்கள் பாவப்பட்டுள்ளன. அவை மலையிற் பிறந்த கற்களல்ல. இரும்பு உருக்கும் உலையின் கசட்டை வார்த்துச் செய்தவை. மழை நனைத்தபோது அவற்றின் நீலம் மின்னியதைப் பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தனர். மதிலின் வெளிப்புறம் கடலையொட்டிச் செல்லும் நடைபாதைக்கும் கட்டணமில்லை. குடாவைக் கடக்கும் படகுக்கோ சில சதங்களே.

உணவிலே எனக்குச் சிறிது இடர் இருந்தது. அவரை சேர்ந்த சோறு எங்கும் கிடைக்கும். ஆனால் அவரைக் கறியிலே பன்றியிறைச்சி இடுதல் அவ்வூர் வழக்கம். கேட்டறிந்தே உண்ணல் வேண்டும். வாழைக்காயைத் தட்டையாக நசுக்கி இருமுறை பொரித்துத் தருகின்றனர். அதுவே என்னைக் காத்தது. பிள்ளைகளுக்குத் தெருவோர வண்டியிலே, சீவிய பனிக்கட்டியைக் கூம்பாகக் குவித்துப் பழப்பாகு ஊற்றித் தரும் பிராகுவா பெருவிருந்தாயிற்று.

இந்நகரின் பெருமை அதன் கோட்டைகள். எல் மோறோ என்னும் கோட்டை 1539இல் தொடங்கப்பெற்றது. கடலினின்று ஏறத்தாழ 140 அடி உயர்ந்து, ஆறு தளங்களுடன் நிற்கின்றது. கிழக்கே சான் கிறிஸ்தோபால் என்னும் மற்றொரு பெருங்கோட்டை. பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வளர்ந்தோர் தலைக்குப் பத்து டொலர் கொடுத்தோம். ஒரே சீட்டில் இரு கோட்டைகளையும் கண்டோம்.

இத்துணைக் கல்லை அடுக்கியும் கோட்டை நகரைக் காத்ததோ? 1595இல் ஆங்கிலேயத் தளபதி திறேக்கைத் துரத்தியது உண்மை. ஆனால் 1598இல் கம்பர்லாந்துப் பிரபு தரைவழியாக வந்து கோட்டையைப் பிடித்தான். பின்னர் அவனை வெளியேற்றியது பீரங்கியன்று, அவன் படையிற் பரவிய வயிற்றுளைவு நோய். 1625இல் ஒல்லாந்தர் நகரை எரித்தனர். கோட்டையைக் கொள்ள இயலாது மீண்டனர். 1898 மே மாதம் 12ஆம் நாள் அமெரிக்கக் கப்பல்கள் குண்டு பொழிந்தன. அப்பொழுதும் கோட்டை வீழவில்லை. ஆனால் அவ்வாண்டு டிசெம்பரிலே பாரிஸ் நகரில் ஒப்பமிட்ட உடன்படிக்கை தீவு முழுவதையும் அமெரிக்காவுக்கு அளித்துவிட்டது. பீரங்கிக்கு நின்ற மதில் எழுதுகோலுக்கு நிற்கவில்லை.

எல் மோறோவின் முன்னே பரந்த புற்றரை உண்டு. முன்பு பகைவரைச் சுடுதற்கெனத் திறந்த வெளியாக விடப்பட்டது. இன்று பிள்ளைகள் பட்டம் விடுகின்றனர். சிறிய பட்டமொன்று வாங்கினோம். அருகே நின்ற சிறுவன் நூலைப் பிடிக்கும் முறையை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினான். அவன் எங்களோடு ஆங்கிலம் பேசினான். திரும்பித் தன் தாயோடு ஸ்பானியம் பேசினான். பேரன் என்னிடம் ஆங்கிலத்திலே கேட்டான்: "தாத்தா, இதுவும் அமெரிக்காதானே? ஏன் இவர்கள் வேறு மொழி பேசுகிறார்கள்?"

நல்ல கேள்வி. ஆட்சி மாறிய பின் பாடசாலைகளில் ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்க அரசினர் முயன்றனர். அரை நூற்றாண்டுக் காலம் திட்டங்கள் மாறி மாறி வந்தன. 1917இல் தீவினர் அமெரிக்கக் குடிகளுமாயினர். ஆயினும் தாய் பிள்ளையோடு பேசிய மொழி மாறவில்லை. ஆசிரியர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. 1949இல் ஸ்பானியமே போதனாமொழியாயிற்று. ஆங்கிலம் ஒரு பாடமாக நின்றது. 1991இல் ஸ்பானியத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிச் சட்டம் இயற்றினர். அதற்காக ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் இலக்கியப் பரிசு அவ்வாண்டு புவேர்ட்டோ றிக்கோ மக்கள் அனைவருக்கும் வழங்கப்பெற்றது. ஒரு கவிஞருக்கு அன்று, ஒரு மக்களுக்கே இலக்கியப் பரிசு! 1993இல் ஆங்கிலமும் மீண்டும் அரசகரும மொழியாயிற்று. வீட்டிலும் வீதியிலும் ஒலிப்பது ஸ்பானியமே.

கோட்டைக்கு அருகே, மதிலுக்கு வெளியே, கடலை நோக்கிய மயானம் ஒன்றுண்டு. ஸ்பெயின் தேசத்துக் கவிஞர் பேத்ரோ சலீனாஸ் அங்கே துயில்கின்றார். நாடிழந்து வந்தவர், இத்தீவிலே ஆசிரியராயிருந்தவர், 1944இல் இங்குள்ள பல்கலைக்கழகத்திலே மொழியைப் போற்றிக் காத்தல் பற்றிப் பேருரை நிகழ்த்தியவர். 1951இல் பொஸ்ரனிலே இறந்தார். உடல் இக்கடலோரம் வந்தடைந்தது.

கவிஞர் ஹுவான் றமோன் ஹிமெனெஸின் கதை இன்னும் உருக்கமானது. அவர் உள்நாட்டுப் போரால் 1936இல் ஸ்பெயினை நீங்கியவர். பல்லாண்டு ஆங்கிலம் சூழ்ந்த அமெரிக்காவிலே வாழ்ந்து மனநோயுற்றார். தாய்மொழி வழங்கும் இடத்தில் வாழ்தலே அவருக்கு மருந்தாகும் எனக் கண்டு, 1951இல் மனைவி செனோபியா அவருடன் இத்தீவிலே குடிபுகுந்தார். தாகூரின் நூல்களை ஸ்பானிய மொழிக்குத் தந்த அம்மையார் அவரே. அவர் தாயார் இத்தீவினர். 1956 ஒக்டோபரில் கவிஞருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாளில் அம்மையார் மறைந்தார். 1958இல் கவிஞரும் இங்கேயே உயிர் நீத்தார்.

இவற்றைப் புற்றரையில் அமர்ந்து பேரனுக்குச் சுருக்கிச் சொன்னேன். என் ஆங்கிலம் தளர்ந்த இடங்களிலே மருமகன் தானாகவே எடுத்துச் சொன்னான். மொழி கேளாமல் ஒருவர் நோயுற்ற செய்தியைச் சொல்லும்போது அவன் குரல் சற்றே தாழ்ந்தது. வகுப்பைப் பற்றி அவனும் பேசவில்லை; யானும் பேசவில்லை.

பொழுது சாய்ந்தது. பேத்தி நூலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பட்டத்துக்கு இவ்வூரார் வழங்கும் பெயர் சிரிங்கா என்று அச்சிறுவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். "தாத்தா, எங்கட பாஷையில் இதற்கு என்ன பெயர்?" என்றாள்.

யான் வாய் திறக்குமுன், "பட்டம்" என்றான் அவள் தந்தை. பஸ் வரும் வரை அவள் அச்சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தாள்.