பூட்டைத் திறக்காமலே எக்ஸ்ரே படிக்கும் கணக்கு!

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் பலருக்கு, அந்த 'சானடோரியம்' எது என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை. காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரி முத்து 1928-ல் தொடங்கிய மருத்துவமனை அது. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். பிறகு, பல மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய எச்.ஐ.வி நோயாளிகளுக்குத் தாம்பரத்தில் படுக்கை கிடைத்தது. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்களுக்கு நோய் மட்டுமே பயம் இல்லை. ஊருக்குத் தெரிந்துவிட்டால் வாடகை வீடு, வேலை, மகளின் கல்யாணம் எல்லாமே போய்விடும். ஒரு சீட்டில் எழுதியிருக்கும் ஒற்றை வரிக்கு அவ்வளவு கனம்.

அந்தச் சீட்டு இப்போது செல்போனுக்கு வந்துவிட்டது. குரோம்பேட்டை லேபில் காலையில் ரத்தம் கொடுத்தால், மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். டாக்டரிடம் காட்டும் முன்பே அதை ஏதாவது ஒரு ஏ.ஐ செயலியில் ஏற்றி, 'இதுல என்ன போட்டிருக்கு?' என்று கேட்பது வீட்டுக்கு வீடு வழக்கமாகி வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரேவைப் பார்த்துக் காசநோய் அறிகுறியைச் சொல்லும் மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021-ல் பரிந்துரைத்திருக்கிறது.

இந்த வேலையைச் செய்வது நியூரல் நெட்வொர்க். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு பெரிய கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது நம் போனில் ஓடுவதில்லை. கேளம்பாக்கம் போய் ஓ.எம்.ஆரில் திரும்பினால் சிறுசேரியில் தெரிகிறதே, அப்படிப்பட்ட தரவு மையம் ஒன்றில் ஓடும். இல்லை, கடல் தாண்டியும் இருக்கலாம்.

சிக்கல் அங்கேதான். போகும் வழியில் ரிப்போர்ட்டுக்குப் பூட்டு உண்டு. சர்வரில் சேமித்து வைக்கும்போதும் பூட்டு உண்டு. ஆனால், கணக்குப் போடும் நேரத்தில் பூட்டைத் திறந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பெயர், வயது, நோய் எல்லாமே அந்தக் கம்ப்யூட்டருக்கு வெட்டவெளிச்சம்.

திறக்காமலே கணக்குப் போட முடியாதா?

முடியும் என்கிறது கணிதம். ஓர் இல்லத்தரசி 12, 15, 20 என்ற மூன்று எண்களை ஒருவரிடம் கொடுத்துக் கூட்டச் சொல்ல வேண்டும். ஆனால், எண்கள் அவருக்குத் தெரியக் கூடாது. மூன்றையும் மனதுக்குள் 7-ஆல் பெருக்கி 84, 105, 140 என்று கொடுக்கிறார். அவர் கூட்டி 329 என்கிறார். இவர் 7-ஆல் வகுத்தால் 47. விடை சரி. கூட்டியவருக்கோ எதைக் கூட்டினோம் என்றே தெரியாது!

இந்தப் பூட்டை ஒரு பள்ளி மாணவனே உடைத்துவிடுவான். நிஜப் பூட்டில் ஒவ்வொரு எண்ணோடும் கொஞ்சம் 'இரைச்சல்' கலந்திருக்கும். அதுதான் பாதுகாப்பு, அதுவேதான் தொல்லையும். பெருக்கப் பெருக்க இரைச்சலும் பெருகி, கடைசியில் விடையையே விழுங்கிவிடும். 1978-லேயே ரிவெஸ்ட் உள்ளிட்ட மூவர் இந்த யோசனையை முன்வைத்தார்கள். ஆனால், இரைச்சலை அவ்வப்போது அடக்கி, எத்தனை படி வேண்டுமானாலும் கணக்கைத் தொடரும் வழியை 2009-ல்தான் கிரெய்க் ஜென்ட்ரி கண்டுபிடித்தார். அதை நடைமுறைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்ததில் வினோத் வைகுண்டநாதனுக்குப் பெரிய பங்கு உண்டு. கிண்டிக்கு அருகே ஐ.ஐ.டி மெட்ராஸில் படித்தவர் அவர். ஜென்ட்ரி, பிரக்கர்ஸ்கி ஆகியோரோடு 2022-ல் கோடல் பரிசு பெற்றார்.

நியூரல் நெட்வொர்க்கில் பெரும்பகுதி பெருக்கலும் கூட்டலும்தான். ஆனால், நடுநடுவே ஒரு சின்னக் கேள்வி வரும்: 'இந்த எண் பூஜ்யத்துக்குக் கீழா? அப்படியானால் பூஜ்யமாக்கு.' பூட்டிய எண் பெரியதா சிறியதா என்றே தெரியாதபோது இதை எப்படிக் கேட்பது? 2016-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'கிரிப்டோநெட்ஸ்' என்ற அமைப்பில் அந்தக் கேள்வியையே தூக்கிவிட்டு, அதற்குப் பதிலாக எண்ணின் வர்க்கத்தை எடுத்தார்கள். கையால் எழுதிய எண்களை அது 99 சதவிகிதம் சரியாக அடையாளம் கண்டது. ஆனால், ஒரு முறை ஓட்டவே சில நிமிடங்கள் ஆயின.

2018-ல் எம்.ஐ.டி-யில் சிராக் ஜுவேகர், வைகுண்டநாதன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன் மூவரும் 'கசெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். பெருக்கல், கூட்டலை சர்வர் பூட்டிய நிலையிலேயே செய்யும். அந்தச் சின்னக் கேள்வி வரும்போது மட்டும் போனும் சர்வரும் ஆளுக்குப் பாதி ரகசியத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் பாதியை மற்றவர் பார்க்காமல் விடை காணும். இது முந்தைய முறைகளைவிட 20 முதல் 30 மடங்கு வேகம். பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகமும் இன்னொரு வழியில், நெஞ்சு எக்ஸ்ரே பார்க்கும் நெட்வொர்க்கையே ரகசியமாக ஓட்டிக் காட்டியது.

பிறகு ஏன் நம் லேப் ரிப்போர்ட்டுக்கு இது வரவில்லை? செலவு. சாதாரணமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற கணக்கு, பூட்டோடு செய்தால் பல மடங்கு நேரமும் டேட்டாவும் கேட்கும். அதனால், சின்ன வேலைகளுக்குத்தான் முதலில் வந்திருக்கிறது. போட்டோவில் இருப்பது எந்தக் கோபுரம், எந்தச் சின்னம் என்று சொல்ல, ஐபோன் 2024 முதல் இந்தப் பூட்டுக் கணக்கைப் பயன்படுத்துகிறது. ஆனால், அந்த வசதியைக் கேட்காமலே 'ஆன்' செய்து வைத்ததற்காக ஆப்பிள் விமர்சனமும் வாங்கியது. பூட்டு எவ்வளவு நல்லதானாலும், எடுத்துப் போக அனுமதி கேட்க வேண்டாமா?

அனுமதி பற்றிச் சட்டம் பேசத்தான் செய்கிறது. எச்.ஐ.வி விவரங்களை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி சட்டம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். உடல்நல விவரத்துக்கென்று தனி வகை அதில் இல்லை. போன் நம்பரும் எச்.ஐ.வி ரிசல்ட்டும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான் என்பது உறுத்துகிறது.

அதுவரை கத்தரிக்கோல்தான் துணை. ரிப்போர்ட்டை ஏ.ஐ செயலியில் ஏற்றும் முன் பெயர், போன் நம்பர், லேப் எண், பார்கோடு இருக்கும் மேல்பகுதியை 'கிராப்' செய்துவிடலாம். கொலஸ்ட்ரால் அளவைப் புரிந்துகொள்ள அந்தச் செயலிக்குப் பெயர் எதற்கு? வயதும் பாலினமும் தெரிந்தால் போதும். நாம் பேசுவதை வைத்து ஏ.ஐ-யைப் பழக்கும் அனுமதியை நிறுத்த, பல செயலிகளின் செட்டிங்ஸில் ஒரு பொத்தான் இருக்கிறது. எக்ஸ்ரே என்றால், ஸ்கேன் சென்டரிலேயே ஒரு கேள்வி கேட்கலாம்: 'இதை ஏ.ஐ பார்க்கிறதா? இங்கேயே உள்ள கம்ப்யூட்டரிலா, வெளியே அனுப்பியா?' இணையம் இல்லாமல் பக்கத்துக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் எக்ஸ்ரே மென்பொருள்களும் இருக்கின்றன.

இன்னொன்று, எந்தப் பூட்டுக் கணக்கானாலும் விடை கடைசியில் திறப்பது போனில்தான். வீட்டில் நான்கு பேர் மாற்றி மாற்றிப் பார்க்கும் போன் என்றால், அதற்குக் கிரெய்க் ஜென்ட்ரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.