தண்ணீரில் விழுந்த நாய்

நாய்க்கு யாரும் நீந்தக் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நம்புகிறோம். பெரும்பாலான நாய்கள் நீந்தும்தான். ஆனால் செங்குத்தான சுவர் கொண்ட கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் ஏறிவர வழி கிடைக்காமல், சுற்றிச் சுற்றி நீந்திச் சோர்ந்து மூழ்கிவிடுகின்றன. தலை கனத்து, கால் குட்டையான புல்டாக் போன்ற இனங்கள் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது.

வெளியே தூக்கியதும் பலர் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுகிறார்கள், வயிற்றை அமுக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வயிற்றை அமுக்கினால் இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நுரையீரலில் புகுந்த நீரோ பெரும்பாலும் கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்ச நீர் செய்யும் கேடுதான் பெரிது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய படலம் உண்டு. மூச்சை வெளியே விடும்போது அறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காப்பது அதுவே. உள்ளே புகும் நீர் அந்தப் படலத்தைக் கெடுக்கிறது. அறைகள் மூடிக்கொள்கின்றன, திரவம் கசிந்து சேர்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. இது மணிக்கணக்கில் மெல்ல முற்றக்கூடியது. காலையில் உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நடந்த நாய் இரவில் மூச்சுக்குத் திணறுவது இதனால்தான்.

மூச்சும் நாடியும் நின்றிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் அடைத்திருப்பதை எடுத்துவிட்டு, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு ஒருமுறை, வாயை மூடிப் பிடித்து மூக்கின் வழியே 2 முறை ஊதுங்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் நிறுத்தாதீர்கள்.

அங்கே முதல் மருந்து ஆக்சிஜன். முற்றிய நிலையில் வென்டிலேட்டர். குளிர்ந்த உடலை மெதுவாகச் சூடேற்றுவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆன்டிபயாட்டிக்கை எடுத்த எடுப்பில் போடுவதில்லை. சாக்கடை போன்ற அழுக்கு நீரில் விழுந்திருந்தாலோ நிமோனியாவின் அறிகுறி தெரிந்தாலோதான். ஸ்டீராய்டால் பயன் கிடைப்பதாகச் சான்றில்லை. என்னைக் கேட்டால், ஊசி போடச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துவதைவிட, நாயை ஒருநாளாவது அவர் கண்காணிப்பில் விட்டுவைப்பதே மேல்.

வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, இருமினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.