உறுமலும் ஓதலும்: சிங்கப்பூர் ‘ருத்ரா’வின் வேத மெட்டல்

மின்கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கனமாக்கி, இரு கால்களும் மாறிமாறி மிதிக்கும் பேஸ் டிரம்மின் மேல் அதை ஏற்றி, பாடகர் அடித்தொண்டையிலிருந்து உறுமுகின்ற டெத் மெட்டல், ஹெவி மெட்டலின் கிளைகளுள் இன்னிசைக்கு மிகத் தொலைவில் நிற்பவற்றுள் ஒன்று. அவ்விசையோடு சமஸ்கிருத மந்திரங்களைச் சேர்த்து ‘வேத மெட்டல்’ என்னும் பெயரால் அறியப்பட்ட ருத்ரா குழு, தென்னிந்திய வம்சாவளி இளைஞர்களால் 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. பாடுபவரும் பேஸ் கித்தார் வாசிப்பவருமான கதிர், அத்வைத வேதாந்தம் பயின்றவர்.

இச்சேர்க்கை வெறும் ஒட்டுவேலை அன்று. சென்னைப் புறநகர்களான ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர்ப் பக்கத்துச் சிவாலயங்களில் பிரதோஷ வேளையில் ஸ்ரீருத்ரம் என்னும் வேத மந்திரம் கேட்டுப் பழகியவர்கள், அந்த ஓதலில் ராக விரிவு இல்லை என்பதையும், உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்னும் குரல்நிலைகளுக்குள் (தமிழ் உரையாசிரியர்கள் இவற்றை எடுத்தல், படுத்தல், நலிதல் என்பர்) சொற்கள் அடங்கிவிடுவதையும், குறில் நெடில் அளவே அங்குத் தாளத்தின் வேலையைச் செய்வதையும் அறிவர். டெத் மெட்டலின் உறுமலும் மெட்டைக் கைவிட்டு, அசையின் அழுத்தத்தையே நம்பி நடப்பதால், கர்னாடக ஆலாபனையைக் காட்டிலும் வேத ஓதலே அதற்கு நெருங்கிய உறவு எனலாம்.

வரவேற்பில்தான் சிக்கல் எழுந்தது. 1998-இல் குழுவின் பெயரிலேயே வந்த முதல் தொகுப்புக்குப் பின், 2001-இல் வெளியான இரண்டாம் தொகுப்பு ‘தி ஆரியன் குரூசேட்’ என்று பெயர் பெற்றது. ‘ஆரிய’ என்பதற்குச் சமஸ்கிருதத்தில் மேன்மையுடையது என்ற பொருள் இருப்பினும், ஐரோப்பியக் காதில் அச்சொல் நாஜிகளை நினைவூட்டும். திராவிட இயக்கத்தைக் கண்ட தமிழ்க் காதில் வேறொரு பழைய வழக்கையே கிளப்பும். இரு தரப்புக்கும் விளக்கம் வேண்டியிருக்கும் தலைப்பு அது.

2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த ‘பிரம்மவித்யா’ முத்தொகுப்பில் அத்தகைய உரசல் இல்லை. மூன்று தலைப்புகளின் இறுதியிலும் நிற்கும் ஆங்கில ‘ஐ’, ரோமானிய எண்ணாகத் தோற்றமளித்தாலும், வேதாந்தம் விசாரிக்கும் ‘நான்’ என்பதையே குறிக்கிறது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் 2009-இல் வெளியிட்ட கட்டுரை, வேத மெட்டலை அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு சேர்த்து ஆராய்கிறது. கோயிலுக்கும் சபாவுக்கும் திரையிசைக்கும் வெளியே நிற்கும் இவ்விசையில், பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மந்திரங்கள் சமஸ்கிருதத்திலும் அமைந்துவிட, தமிழுக்கு அநேகமாக இடமில்லாமல் போனது.